தொடக்கம் எனும் நாள்: ‘கமென்ஸ்மென்ட்’ என்ற சொல்லின் வரலாறு

ஆங்கிலத்தில் தொடங்குதலைக் குறிக்கும் சொற்கள் பல. ‘பிகின்’, ‘ஸ்டார்ட்’ என்பன வீட்டிலும் தெருவிலும் வழங்குவன. ‘கமென்ஸ்’ என்னும் சொல் அவற்றோடு பொருளால் ஒத்திருப்பினும் வழக்கால் ஒத்ததன்று. பசித்த குழந்தை அழத் தொடங்கியதை எந்த ஆங்கிலத் தாயும் இச்சொல்லால் கூறமாட்டாள். ஆனால் தேர்வு தொடங்கும் நேரத்தை அறிவிக்கும் பலகையிலும், குத்தகைப் பத்திரத்திலும், அரசிதழிலும் இச்சொல்லே இடம் பெறுகிறது. இதன் பெயர் வடிவமான ‘கமென்ஸ்மென்ட்’ இன்னும் ஒரு படி மேலே நின்று, பல்கலைக்கழகத்துக்கும் சட்டத்துக்கும் உரிய கலைச்சொல்லாகவே ஆகிவிட்டது.

அகராதியைப் புரட்டினால் ‘தொடக்கம்’ என்ற ஒரே பொருளைக் கண்டு நாம் அமைதியடைந்துவிடலாம். ஆனால் இச்சொல் வரலாற்றில் செய்திருக்கும் பணி அந்த ஒரு சொல்லில் அடங்குவதன்று. இயல்பாக நிகழும் தொடக்கம் வேறு. ‘இந்நாள் முதல்’ என்று ஓர் அதிகாரம் அறிவிக்கும் தொடக்கம் வேறு. இரண்டாவதையே இச்சொல் சிறப்பாகக் குறிக்கிறது. அந்த வேறுபாட்டில் மனிதர்களின் உரிமையும் உடைமையும், சில வேளைகளில் உயிருமே தங்கியிருந்தன என்பதை எடுத்துக்காட்டுவது இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லின் பிறப்பு

1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் அந்நாட்டில் இருமொழி நிலை ஏற்பட்டது. உழுபவனும் கொல்லனும் பழைய ஆங்கிலம் பேசினர். அரண்மனையும் நீதிமன்றமும் பிரெஞ்சு பேசின. ‘பிகின்’ உழவன் வீட்டுச் சொல். ‘கமென்ஸ்’ அரண்மனை வழியாக வந்த பிரெஞ்சுச் சொல். வழக்குகளை மக்கள் அறிந்த ஆங்கிலத்திலேயே வாதிட வேண்டும் என 1362-இல் சட்டம் இயற்றப்பட்டபோதும், வழக்கறிஞர்களின் பிரெஞ்சு எளிதில் மறையவில்லை. நீதிமன்ற ஆவணங்களில் இலத்தீன் 1733 வரை நீடித்தது. இந்த நெடிய பழக்கத்தால், ஒரே பொருளுடைய இரு சொற்களுள் பிரெஞ்சு வழி வந்தது அதிகாரத்தின் உடையை அணிந்துகொண்டது. 1926-இல் வெளியான ஃபௌலரின் புகழ்பெற்ற ஆங்கில வழக்கு நூல் ‘கமென்ஸ்’ என்பதைச் சடங்குத்தன்மை வாய்ந்த சொற்களின் வரிசையில் வைத்து, பொதுநடைக்கு ‘பிகின்’ போதும் என்ற கருத்தையே வலியுறுத்துகிறது.

பிரெஞ்சுக்கும் முன்னே சென்றால் இலத்தீன் வேரை அடைகிறோம். ‘இனிஷியம்’ என்ற இலத்தீன் சொல்லுக்குத் தொடக்கம் என்பது பொருள். அதன் உறுப்புகளைப் பிரித்தால் ‘உள்ளே செல்லுதல்’ என்று வரும். தமிழ் வாசகருக்கு இது புதிதன்று. ‘சொல்லப் புகுந்தார்’ என்றால் சொல்லத் தொடங்கினார் என்றே நாம் பொருள் கொள்கிறோம். கல்லூரிப் படிப்பின் வாயிலில் முன்பு இருந்த ஓராண்டு வகுப்புக்குப் ‘புகுமுக வகுப்பு’ என்று பெயரிட்டவர்களும் இவ்வழக்கை ஒட்டியே பெயரிட்டனர். தொடக்கத்தை ஒரு வாயிலாகக் காணும் பார்வை இரு மொழிகளிலும் தனித்தனியே தோன்றியிருப்பது எண்ணி மகிழத்தக்கது.

இச்சொல்லின் உறவினரான ‘இனாகுரேஷன்’ என்பதையும் இங்கே பிரித்தறிதல் நலம். அது பறவைகளின் போக்கைப் பார்த்து நிமித்தம் கூறிய ‘ஆகர்’ எனும் உரோமானியக் குருமாரின் பெயரிலிருந்து வந்தது. எனவே விழாவும் மங்கலமும் அதன் உள்ளுறை. அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் பதவியேற்புக்கு அச்சொல் வழங்குகிறது. ‘கமென்ஸ்மென்ட்’டுக்கு நிமித்தம் வேண்டியதில்லை, நாள் வேண்டும்.

கல்வி நிலையத்தில்

அமெரிக்கச் செய்திகளைப் படிக்கும் நம்மவர் பலரை மயங்கவைக்கும் ஒரு வழக்கு உண்டு. அந்நாட்டில் மாணவர் படிப்பை முடித்துப் பட்டம் பெறும் விழாவுக்குப் பெயர் ‘கமென்ஸ்மென்ட்’. முடிவுக்குத் தொடக்கம் என்ற பெயரா என்று வியப்பவர்க்கு, ‘வாழ்க்கை இனிமேல்தான் தொடங்குகிறது’ என்று விழா மேடைகளில் விளக்கம் தரப்படுவதுண்டு. அவ்விளக்கம் அழகியது, ஆனால் பெயரின் வரலாறு வேறு.

இடைக்கால ஐரோப்பாவில் பல்கலைக்கழகம் என்பது ஆசிரியர்களின் கூட்டமைப்பு. தச்சர், நெசவாளர் முதலியோரின் தொழிற்குழுக்கள் எவ்வாறு தேர்ந்த கைவினைஞனை ஆசானாக ஏற்றனவோ, அவ்வாறே பாரிசு, ஆக்சுபோர்டு, கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகங்களும் கற்றுத் தேர்ந்தவனை ஆசிரியனாக ஏற்றன. அவன் சான்றோர் முன்னிலையில் வாதம் புரிந்து, ஆசிரியனாகத் தன் பணியைத் தொடங்க வேண்டும். அச்சடங்கே இலத்தீனில் ‘தொடக்கம்’ எனப் பெயர் பெற்றது. ஆகவே அன்று தொடங்கியது வாழ்க்கை அன்று, கற்பிக்கும் உரிமை. கேம்பிரிட்சில் இச்சடங்கு ‘கமென்ஸ்மென்ட்’ என ஆங்கிலத்தில் வழங்கிற்று. கேம்பிரிட்சில் பயின்றோர் பலர் குடியேறிய மாசசூசெட்சில் ஹார்வர்டு கல்லூரி தோன்றியபோது, 1642-இல் ஒன்பது மாணவர்க்குப் பட்டம் அளித்த முதல் விழாவுக்கும் அதே பெயர் சூட்டப்பட்டது. அங்கிருந்து அமெரிக்கா முழுவதும் பரவிற்று. டப்ளின் டிரினிடி கல்லூரியிலும் இப்பெயர் வழக்கில் நிலைத்தது.

இந்தியாவில் 1857-இல் நிறுவப்பட்ட கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்களின் வழிவந்த மரபில் இவ்விழாவுக்குக் ‘கான்வொகேஷன்’, அதாவது அவை கூட்டல், என்ற பெயரே நிலைபெற்றது. நாம் அதனைப் ‘பட்டமளிப்பு விழா’ என்கிறோம். பெயர் மாறியதில் பார்வையும் சற்றே மாறியது. அளிப்பவர் பக்கம் நின்று நாம் பெயரிட்டோம். பழைய கேம்பிரிட்சுச் சொல்லோ பெறுபவன் ஏற்கும் பொறுப்பின் பக்கம் நிற்கிறது. 1963 சூன் 10 அன்று வாஷிங்டனில் அமெரிக்கன் பல்கலைக்கழகத்தின் இவ்விழாவில்தான் கென்னடி சமாதானம் பற்றிய உரையை நிகழ்த்தி, அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்தும் பேச்சுவார்த்தையை அறிவித்தார். அதே ஆண்டு ஆகஸ்டு 5-இல் சோதனைத் தடை உடன்பாடு கையெழுத்தாயிற்று. இவ்விழா உரைகளுக்கு அமெரிக்கப் பொதுவாழ்வில் உள்ள மதிப்பை இதனால் உணரலாம்.

ஆண்டின் தொடக்கம்

ஆண்டு என்று பிறக்கிறது என்பதும் ஒரு காலத்தில் சட்டத்தால் தீர்க்கப்பட வேண்டியதாக இருந்தது. இங்கிலாந்தில் 12-ஆம் நூற்றாண்டு முதல் 1751 வரை சட்டமுறை ஆண்டு மார்ச்சு 25-இல் பிறந்தது. மக்கள் வழக்கிலோ சனவரி முதல் நாளே புத்தாண்டாகக் கருதப்பட்டது. இதனால் சனவரி முதல் மார்ச்சு வரை எழுதப்பட்ட கடிதங்களில் இரு ஆண்டெண்களையும் இட வேண்டியதாயிற்று. ஸ்காட்லாந்து 1600-லேயே சனவரிக்கு மாறிவிட்டமையால், ஒரே அரசின் கீழிருந்த இரு நாடுகளில் ஆண்டின் சில மாதங்களுக்கு ஆண்டெண் வேறாக இருந்தது.

இதனை நீக்க 1750-ஆம் ஆண்டுக் கணக்கில் வந்த சட்டத்தின் நெடுந்தலைப்பிலேயே நம் சொல் முதன்மை பெறுகிறது. ‘ஆண்டின் தொடக்கத்தை ஒழுங்குபடுத்தவும் நாட்காட்டியைத் திருத்தவும்’ அது இயற்றப்பட்டது. அதன்படி 1751-ஆம் ஆண்டு மார்ச்சு 25-இல் தொடங்கி டிசம்பர் 31-இல் முடிந்து 282 நாட்களே வாழ்ந்தது. 1752-இல் செப்டம்பர் 2-க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14 ஆயிற்று. வாடகையும் கூலியும் கடன் தவணையும் குழம்பாதிருக்க அச்சட்டத்திலேயே தனி விதிகள் வகுக்க வேண்டியிருந்தது. ஒரு தொடக்கத்தை மாற்றினால் எத்தனை கணக்குகள் அசையும் என்பதற்கு இது நல்ல சான்று.

சட்டத்தின் தொடக்கம்

இச்சொல்லின் வரலாற்றில் மிக முக்கியமான ஆண்டு 1793. அதற்கு முன் இங்கிலாந்தின் நாடாளுமன்றச் சட்டம் எதிலும் நடைமுறைக்கு வரும் நாள் குறிக்கப்படவில்லையெனில், அச்சட்டம் அந்தக் கூட்டத்தொடரின் முதல் நாளிலிருந்தே செல்லும் என்பது நீதிமன்றங்களின் கொள்கை. கூட்டத்தொடர் முழுவதையும் ஒரே நாளாகக் கருதும் ஒரு புனைவின்மேல் இக்கொள்கை நின்றது. கூட்டத்தொடரோ பல மாதங்கள் நீளும். நவம்பரில் மன்றம் கூடி, மே மாதத்தில் ஒரு செயலைக் குற்றமாக்கும் சட்டம் அரச ஒப்புதல் பெற்றால், சனவரியில் அதனைச் செய்தவனும் சட்டத்தை மீறியவனாவான். அவன் செய்தபோது அப்படியொரு சட்டம் உலகிலேயே இல்லை!

இக்கொடுமையை நாடாளுமன்றமே ஒப்புக்கொண்டு திருத்திய சட்டம்தான் 1793-ஆம் ஆண்டின் ‘நாடாளுமன்றச் சட்டங்கள் தொடக்கச் சட்டம்’. பழைய முறை பெரும் அநீதிக்கு இடந்தருவது என்பதை அதன் முகவுரையே வெளிப்படையாகக் கூறுகிறது. சட்டம் செய்த ஏற்பாடோ மிக எளியது. நாடாளுமன்ற எழுத்தர் ஒவ்வொரு சட்டத்திலும் அதன் தலைப்பை அடுத்து, அரச ஒப்புதல் பெற்ற நாள், மாதம், ஆண்டு ஆகியவற்றை எழுத வேண்டும்; வேறு நாள் குறிக்கப்படாவிடின் அந்நாளே அச்சட்டத்தின் ‘கமென்ஸ்மென்ட்’ ஆகும். எழுத்தர் ஒருவர் இடும் ஒரு வரி, குடிமக்களின் கடந்த காலத்தைச் சட்டத்தின் பிடியிலிருந்து விடுவித்தது. ஒரு நாட்டின் சட்ட வரலாற்றில் இதைவிடச் சிறிய கருவியால் பெரிய நன்மை விளைந்த இடங்கள் மிகுதியாக இரா.

அந்நாட்களில் ஆங்கிலச் சட்டங்கள் அரசரின் ஆட்சியாண்டால் குறிக்கப்பட்டன. 1793-ஆம் ஆண்டுச் சட்டம் மூன்றாம் சார்சு மன்னரின் 33-ஆம் ஆட்சியாண்டுக்குரியது. நம் சோழர் கல்வெட்டுகள் மன்னன் பெயரோடு ‘யாண்டு’ இத்தனையாவது என்று பொறித்ததும் இத்தகைய முறையே. ஆனால் ஆட்சியாண்டு, காலத்தை மன்னனிலிருந்து எண்ணுவது. தொடக்க நாளோ, சட்டத்தைச் சட்டத்திலிருந்தே எண்ணுவது. அளவுகோல் அரசனிடமிருந்து எழுத்துக்கு மாறியதை இதில் காண்கிறோம்.

இந்தியச் சட்டங்களில்

இம்மரபு ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தியாவுக்கு வந்தது. 1897-ஆம் ஆண்டின் பொது வாசகங்கள் சட்டம், ‘கமென்ஸ்மென்ட்’ என்றால் ஒரு சட்டம் நடைமுறைக்கு வரும் நாள் என வரையறுக்கிறது. வேறு நாள் குறிக்கப்படாத மையச் சட்டம் ஒப்புதல் பெற்ற நாளிலேயே நடைமுறைக்கு வரும் என்பதும், முந்திய நாள் முடிந்த கணமே அது உயிர் பெறும் என்பதும் அச்சட்டத்தின் 5-ஆவது பிரிவு. ஆகவே சட்டம் விடியலில் பிறப்பதில்லை, நள்ளிரவில் பிறக்கிறது.

சட்டம் இயற்றப்பட்ட நாளுக்கும் அது தொடங்கும் நாளுக்கும் இடையே வேண்டுமென்றே இடைவெளி விடுவதும் உண்டு. இந்தியத் தண்டனைச் சட்டம் 1860 அக்டோபரில் நிறைவேறியது. ஆனால் நடைமுறைக்கு வந்தது 1862 சனவரி முதல் நாள். நீதிபதியும் காவலரும் மக்களும் அதனை அறிந்துகொள்ளக் காலம் வேண்டுமன்றோ? அதன் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதா 2023 டிசம்பரில் ஒப்புதல் பெற்று, 2024 சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அந்நாளுக்கு முன் நிகழ்ந்த குற்றத்துக்குப் பழைய சட்டமே அளவுகோல். சூன் 30 இரவு பதினொரு மணிக்கு நடந்த அடிதடிக்கு ஒரு சட்டம். இரண்டு மணி நேரம் கழித்து நடந்ததற்கு மற்றொரு சட்டம். செயல் ஒன்றே; தொடக்க நாளே அவற்றைப் பிரிக்கும் கோடு.

இக்கோட்டைக் கடந்து பின்னோக்கித் தண்டிக்க அரசமைப்புச் சட்டத்தின் 20-ஆவது விதி தடை விதிக்கிறது. செய்த காலத்தில் நடைமுறையில் இருந்த சட்டத்தை மீறினாலன்றி எவரையும் குற்றவாளியாக்க இயலாது. 1793-இல் இங்கிலாந்தில் ஒரு சாதாரணச் சட்டமாக வந்த நீதியுணர்வு, இங்கே அடிப்படை உரிமையாக உயர்ந்து நிற்கிறது.

அரசமைப்பின் தொடக்கம்

இந்தியாவின் அரசமைப்புச் சட்டத்துக்கு இரு பிறந்தநாட்கள் உண்டு. 1949 நவம்பர் 26-இல் அரசமைப்புப் பேரவை அதனை ஏற்றது. அன்றே நடைமுறைக்கு வந்தவை 394-ஆவது விதி உள்ளிட்ட 16 விதிகள் மட்டும். குடியுரிமை, தேர்தல் ஆணையம் ஆகியவை பற்றிய விதிகள் அவற்றுள் அடங்கும். எஞ்சியவை 1950 சனவரி 26-இல் நடைமுறைக்கு வரும் என்றும், அந்நாளே ‘இவ்வரசமைப்பின் தொடக்கம்’ எனப்படும் என்றும் 394-ஆவது விதி கூறுகிறது. 1930-இல் முழு விடுதலை நாளாகக் கொண்டாடப்பட்ட சனவரி 26-ஐ நினைவிற்கொண்டே அந்நாள் தேர்ந்தெடுக்கப்பட்டது.

‘அரசமைப்பின் தொடக்கத்தின்போது’, ‘தொடக்கத்திலிருந்து இத்தனை ஆண்டுகளுக்குள்’ என்னும் தொடர்கள் அச்சட்டம் நெடுகிலும் வருகின்றன. அவை வெறும் நடையழகு அல்ல. நாடு பிரிந்து இலட்சக்கணக்கானோர் இடம்பெயர்ந்திருந்த காலத்தில், தொடக்க நாளன்று எவர் இங்கே நிலையாக வாழ்ந்தார் என்பதே அவர் குடிமகனா அன்றா என்பதைத் தீர்மானித்தது.

தமிழ்நாட்டு வரலாற்றை உலுக்கிய ஒரு கெடுவும் இச்சொல்லிலிருந்தே எண்ணப்பட்டது. தொடக்கத்திலிருந்து 15 ஆண்டுக் காலம் ஆங்கிலம் ஒன்றியத்தின் அலுவல் மொழியாகத் தொடரும் என்பது 343-ஆவது விதி. எண்ணிப் பார்த்தால் அக்கெடு 1965 சனவரி 26-இல் முடிவுற்றது. 1963-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் அந்நாளுக்குப் பின்னும் ஆங்கிலம் தொடரலாம் என்றது. ‘தொடரலாம்’ என்பது ‘தொடரும்’ ஆகாது என்ற ஐயமே இங்கே கனன்றது. குறிக்கப்பட்ட குடியரசு நாளைத் துக்க நாளாகக் கடைப்பிடிக்க அறிஞர் அண்ணா அழைப்பு விடுத்தார். முந்திய நாள் மதுரையில் மாணவர் ஊர்வலத்தில் மூண்ட மோதல், மாநிலமெங்கும் பரவிய போராட்டமாயிற்று. உயிர்கள் பல மாய்ந்தன. பிப்ரவரியில் மைய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அளகேசனும் பதவி விலகல் கடிதம் அளித்தனர். 1967-இல் திருத்தம் வந்து, இந்தியை ஏற்காத மாநிலங்கள் விரும்பும்வரை ஆங்கிலம் தொடர வழி செய்யப்பட்டது. பதினைந்து ஆண்டுகட்கு முன் சட்டத்தில் எழுதிய ஒரு சொல், குறித்த நாளில் வந்து கதவைத் தட்டிய வரலாறு இது.

தொடங்காத தொடக்கங்கள்

இதே சொல் நம்பிக்கையை ஏமாற்றியதும் உண்டு. தொடக்கத்திலிருந்து பத்தாண்டுகளுக்குள் 14 வயது வரையுள்ள குழந்தைகள் அனைவர்க்கும் கட்டணமற்ற கட்டாயக் கல்வி அளிக்க அரசு முயல வேண்டும் என்பது 45-ஆவது விதியின் முதல் வடிவம். அக்கெடு 1960-இல் கழிந்தது. கல்வி முழுமையாகப் போய்ச் சேரவில்லை. 2002-இல் 86-ஆவது திருத்தம் ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள குழந்தைகளின் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. ஆயினும் மைய அரசு அறிவிக்கையால் குறிக்கும் நாளிலேயே அத்திருத்தம் நடைமுறைக்கு வரும் என்று எழுதப்பட்டிருந்தது. அந்நாள் 2010 ஏப்ரல் முதல் நாளாக அமைந்தது. ஏறத்தாழ ஏழாண்டுகள் அவ்வுரிமை ஏட்டில் இருந்தது, தொடங்கவில்லை. 2002-இல் ஏழு வயதாயிருந்த சிறுவன், அது தொடங்கியபோது பதினான்கைக் கடந்துவிட்டான் என்பதை எண்ணிப் பார்த்தால், ஒரு நாளைக் குறிக்காமல் விடுவதன் பொருள் விளங்கும்.

இதனினும் நெடிய உறக்கம் ஒன்று உண்டு. நெருக்கடி நிலைக்குப் பின் 1978-ஆம் ஆண்டின் 44-ஆவது திருத்தம், தடுப்புக் காவலுக்குக் கட்டுப்பாடுகளை விதித்தது. அறிவுரைக் குழுவின் கருத்தைப் பெறாது ஒருவரை அடைத்து வைக்கும் காலத்தை மூன்று மாதத்திலிருந்து இரண்டு மாதமாகக் குறைத்தது அவற்றுள் ஒன்று. திருத்தத்தின் பெரும்பகுதி 1979-இல் நடைமுறைக்கு வந்தது. இப்பிரிவுக்கு மட்டும் நாள் குறிக்கப்படவில்லை. ஏ. கே. ராய் வழக்கில் இது உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தபோது, நாள் குறிக்கும்படி அரசுக்கு ஆணையிட இயலாது என்று பெரும்பான்மை நீதிபதிகள் 1981 டிசம்பரில் தீர்ப்பளித்தனர். அதன்பின் பல பத்தாண்டுகள் கடந்தும் அந்த நாள் வரவில்லை. நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஒன்றை, நாள் குறிக்காத மௌனத்தாலேயே நிறுத்திவைக்க இயலும் என்பதை இது காட்டுகிறது.

ஆனால் இவ்வதிகாரம் எப்போதும் தீமைக்கே பயன்பட்டது என்பதும் நேர்மையன்று. விபத்தில் உயிரிழப்பு நேரச் செய்துவிட்டுத் தெரிவிக்காது ஓடும் ஓட்டுநர்க்குக் கடுந்தண்டனை விதித்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவை எதிர்த்து, 2024 சனவரியில் சரக்குந்து ஓட்டுநர்கள் போராடினர். அடுத்த மாதம் வந்த அறிவிக்கை, அவ்வுட்பிரிவை மட்டும் விலக்கிவிட்டு ஏனையவற்றுக்கு நாள் குறித்தது. பாதிக்கப்படுவோரின் குரலைக் கேட்கச் சட்டத்துக்கும் தொடக்கத்துக்கும் இடையேயுள்ள இடைவெளி அங்கே உதவியது. இடைவெளியில் குறையில்லை, அது எவர் பொருட்டுக் காக்கிறது என்பதே கேள்வி.

நிறைவாக

தமிழில் இச்சொல்லைத் ‘தொடக்கம்’ என்று பெயர்ப்பது பிழையன்று. எனினும் சட்டத் தமிழில் எழுதுவோர் ‘நடைமுறைக்கு வருதல்’ என்ற தொடரையும் உடன் கையாளுதல் நலம். பிள்ளையார் சுழி இடுவதும் நமக்குத் தொடக்கமே. கால்கோள் விழா எடுப்பதும் தொடக்கமே. சுழி இட்ட ஏடுகள் எல்லாம் எழுதி முடிக்கப்படுவதில்லை; கால்கோள் கண்ட கட்டடங்கள் எல்லாம் எழுவதுமில்லை. ‘கமென்ஸ்மென்ட்’ இவற்றினின்று வேறுபடும் இடம் ஒன்றுண்டு. அது, இந்நாள் முதல் நான் கேட்கப்படலாம் என்று ஏற்கும் நாள். கேம்பிரிட்சின் புதிய ஆசிரியன் அன்று முதல் தன் கற்பித்தலுக்குப் பொறுப்பாளி. ஒப்புதல் நாளை எழுதும் எழுத்தர் வழியே, அரசு அன்று முதல் தன் சட்டத்துக்குப் பொறுப்பாளி.

பத்தாண்டு நிறைவு மலர் ஒன்றில் இச்சொல்லைப் பற்றி எழுதுவது பொருத்தம் என்றே தோன்றிற்று. பத்தாண்டு நிறைந்தது என்று எண்ணுவதற்கே ஒரு முதல் நாள் வேண்டும். அந்நாளைக் குறித்து வைத்தவர்கள் கூடிப் பேசியதோடு நில்லாமல், பின்வருவோர் தம்மைக் கணக்குக் கேட்கவும் இடம் கொடுத்தவர்கள். ஆண்டுதோறும் அக்கணக்கை ஒப்புவிக்கும் இலக்கிய அமைப்பு எதுவோ, அதுவே உண்மையில் தொடங்கியது எனலாம்.